ஆற்றங்கரை இலகு நடை, தலைமை: சிவமலர்

2023ஆம் ஆண்டு வசந்தத்தில் சிவமலருக்கு இரத்த அழுத்தம் கூடியது. அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மாத்திரை எழுதமுன் ஒரு தவணை தருவதாக டொக்டர் சொன்னார். கிழமைக்கு மூன்று நாள், முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். சிவமலர் ஜெர்மன் பேசும் பாடன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்பவள். அடுப்புக்கும் குளிரறைக்கும் இடையில் தான் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் போய்வருகிறாள் என்று அவருக்கு விளக்கிப் பார்த்தாள். அது நடை இல்லை, ஓட்டம், அதனால்தான் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சும்மா நடக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பஸ் பிடிக்கவும் இல்லாமல், சாமான் வாங்கவும் இல்லாமல் ஒரு பொம்பிளை தெருவால் போய்விட்டுத் திரும்பி வந்தால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? அதனால் முதல் நாள் வெறும் கடைப்பை ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள். பாதி வழியில், அதே தெருவில் குடியிருக்கும் சிவகலா கண்டுவிட்டு, என்ன வாங்கப் போறீர் என்று கேட்டாள். வாயில் வந்தது உப்பு. சிவகலாவும் கடைக்குத்தான் போனாள் என்பதால் சிவமலர் உப்பு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது. இரண்டாம் நாளும் வேறு யாரோ கேட்டார்கள். மூன்றாம் நாள் அலுமாரியில் நான்கு பைக்கற் உப்பு இருப்பதைப் பார்த்த மகள் மிதுஷா, வீட்டில் ஏதாவது விசேசமோ என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் வேலையிடத்து அறிவித்தல் பலகையில் அந்தத் துண்டுப்பிரசுரம் தொங்கியது. ஊரிலுள்ள ஒரு நடைச் சங்கம் கோடை முடியும்வரை சனிக்கிழமைகளில் ஆற்றங்கரையோரமாக இலகு நடைகள் நடத்துகிறது, யாரும் வரலாம். கூட்டத்தோடு போனால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று சிவமலருக்குத் தோன்றியது. கீழே ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு பெட்டிகள். முதலாவது, நடையில் பங்குபற்ற விரும்புகிறேன் என்பது. இரண்டாவது, நடைக்குத் தலைமை தாங்க விரும்புகிறேன் என்பது. ஜெர்மன் மொழியில் இலகு என்பதற்கு ‘லைஹ்ற்’ என்றும் தலைமை தாங்குவதற்கு ‘லைற்றன்’ என்றும் சொல்வார்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த சிவமலர், தேநீர் இடைவேளையில் நின்றபடியே படிவத்தை நிரப்பினாள். இரண்டாவது பெட்டிக்குப் பக்கத்தில் ‘லைஹ்ற்’ என்று இருப்பதாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இலகுவானதுதானே தனக்கு வேண்டும் என்று அதில் பெரிதாக ஒரு சரி போட்டு, கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள்.

மே மாதக் கடைசியில் சங்கத்தின் கோடைகால நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்தது. மிதுஷா ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பிரிப்பது அவள்தான். அன்று பிரித்தவள் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு தாளைத் தாயின் பக்கம் திருப்பி, விரலை ஒரு வரியில் வைத்தாள். ஜூன் பதினேழு, சனி, பிற்பகல் இரண்டு மணி. லிம்மாத் ஆற்றோரம் இலகு நடை. தலைமை: சிவமலர் சந்திரகுமார்.

“அம்மா, நீங்கள் நடக்கச் சேரேல்லை. நடத்தச் சேர்ந்திருக்கிறீங்கள்.”

சிவமலர் கண்ணாடியைப் போட்டு மூன்று தரம் வாசித்தாள். தன் பெயரை ஜெர்மன் எழுத்தில் அவ்வளவு அழகாக அச்சில் அவள் முன்பு கண்டதில்லை. அதற்காகச் சந்தோசப்படலாமோ என்று அவளுக்குத் தெரியவில்லை.

தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சங்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்வதாக முடிவாயிற்று. மிதுஷா வசனத்தை எழுதிக் கொடுத்தாள். சிவமலர் அதைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் போனை எடுத்தது சங்கத் தலைவி திருமதி ஹுன்ஸிக்கர். அவர் சிவமலருக்கு வசனத்தைத் தொடங்க இடம் கொடுக்கவில்லை. பதினொரு வருடமாகத் தலைமை தாங்கப் புதிதாக ஒருவரும் முன்வரவில்லை, இருக்கிறவர்கள் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இடுப்பு, உங்கள் படிவத்தைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னார். சிவமலரின் வாயில் ‘தவறு’ என்ற சொல் தயாராக இருந்தது. வெளியே வந்தது, எனக்கும் மிகவும் சந்தோசம் என்பது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் சந்திரகுமார் வேலை முடிந்து வந்தார். மின்சாரச் சுவிற்ச்சுகள் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இருபத்தேழு வருட வேலை. காலை முறை, மாலை முறை என்று மாறி மாறிப் போய் வந்ததில் நகரத்து பஸ் இலக்கங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆறு மட்டும் பஸ் ஜன்னலால் தெரிகிற ஒன்று. மனைவி நடந்ததைச் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. பாதை தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றாள். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பதினாறு என்றாள். அவர் அப்போதுதான் கழற்றிய சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டினார்.

“அப்ப வாரும். போய்ப் பாத்திட்டு வருவம்.”

ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள லிப்ற்றில் இறங்கினால் நேரே ஆற்றங்கரை. அந்த லிப்ற்றில் அவர்கள் இருவரும் ஏறியதே இல்லை. கதவு திறந்ததும் தண்ணீரின் சத்தமும் ஈரக்காற்றும் முகத்தில் அடித்தன. பச்சைத் தண்ணீர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. மரங்களுக்குக் கீழே மெல்லிய மண்பாதை. இருபத்திரண்டு வருடமாக இதற்குக் கால் மணித்தியாலத் தூரத்தில் குடியிருக்கிறோம் என்று சிவமலர் சொன்னாள். சந்திரகுமார் வழக்கம்போல நான்கு அடி முன்னால் போய்விட்டார்.

முதல் நாள் அப்படித்தான் இருந்தது. அவர் முன்னுக்கு, அவள் பின்னுக்கு. பாதை பிரியும் இடங்களில் மஞ்சள் பலகைகள் இருந்தன. எந்த ஊருக்கு எத்தனை நிமிடம் என்று அவற்றில் எழுதியிருந்தது. பலகை முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்ன இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது, ஏனென்றால் சிவமலர் கண்டதை எல்லாம் படம் எடுத்தாள். சந்திரகுமாருக்கு அது பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் குறித்த நேரத்துக்குள் முடிக்காத வேலை என்று அவர் கையால் ஒன்றும் போனதில்லை. அடுத்த நாள் திரும்பவும் போகவேண்டும் என்று அவரே சொன்னார். அன்று முப்பத்து மூன்று நிமிடம். பலகையை வென்றுவிட்டோம் என்று அவர் கையை நீட்ட, அவளும் நீட்டிக் குலுக்கினாள். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் இவர்கள் ஏதோ பந்தயம் ஓடி முடித்தவர்கள் என்று நினைத்து மணியடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு அடி இடைவெளி இரண்டாகி, ஒன்றாகி, இல்லாமல் போயிற்று. ஒடுங்கிய இடங்களில் தோள் முட்டியது. காலை முறை வேலை முடிந்த நாட்களில் எல்லாம் போனார்கள். நகரத்தின் பழைய சுடுநீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி, சனம் இலவசமாக இறங்கி இருக்கும் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி உண்டு. நீச்சல் உடுப்பில்லாமல் எப்படி என்று சிவமலர் தயங்க, சந்திரகுமார் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து காலை விட்டார். அவளும் விட்டாள். கழுத்துவரை தண்ணீரில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி மாலை வணக்கம் சொன்னார். தண்ணீருக்குள் இருக்கிறவர் ஏன் தொப்பி போட்டிருக்கிறார் என்று சந்திரகுமார் மெதுவாகக் கேட்டதுதான், சிவமலருக்குச் சிரிப்புத் தொடங்கிவிட்டது. அவள் சிரிக்க அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அடக்குவதும் திரும்பத் தொடங்குவதுமாகவே போயிற்று.

மிதுஷா பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் தனியே இருந்தாள். எங்கை நிக்கிறீங்கள் என்று போனில் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஆற்றங்கரையிலை என்ற ஒரே பதில்தான் வந்தது. இரத்த அழுத்தம் என்று ஒன்று இருந்ததை அந்த வீட்டில் எல்லோரும் மறந்து போனார்கள்.

பாதையை முடிவு செய்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து இறங்கி, சுடுநீர் ஊற்றுகளைப் பார்த்துத் திரும்பி, பழைய மரப்பாலத்துக்கு வந்து, அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போய், நடப்பவர்களுக்கு மட்டுமான ஒரு தொங்கு பாலத்தைக் கடந்து, வெற்றிங்கன் ரயில் நிலையத்தில் முடிப்பது. ஏற்றம் இல்லை. தொங்கு பாலம் மட்டும்தான் சிக்கல். கால் வைத்தால் அது ஆடும். பலகைகளுக்கு இடையால் தண்ணீர் தெரியும். ஒத்திகையில் அதைக் கடந்தபோது சிவமலர் கணவனின் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று போய்ச் சேர்ந்தாள். வேறு பாதை இருக்கிறதோ என்று அவர் கேட்டார். வேறு பாதையில் ஏற்றம் இருந்தது. இலகு நடை என்று அச்சடித்தாயிற்று.

ஜூன் பதினேழாம் திகதி வெயில் எறித்தது. ஐந்தாறு பேர் வருவார்கள் என்று திருமதி ஹுன்ஸிக்கர் சொல்லியிருந்தார். ரயில் நிலைய மணிக்கூட்டுக்குக் கீழே பதினேழு பேர் நின்றார்கள். நரைத்த தலைகள், நடைக்கம்புகள், ஒரு குட்டைக்கால் நாய். திருமதி ஹுன்ஸிக்கர் எழுபத்துநான்கு வயதில் சிவப்புச் சப்பாத்தோடு வந்திருந்தார். விட்மர் என்ற ஒருவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், வரைபடத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்று சிவமலர் அந்த வெயிலிலும் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். சந்திரகுமார் தொழிற்சாலையின் ஒரேஞ்ச் பாதுகாப்பு அங்கியில் வந்தார்.

மிதுஷா எழுதிக் கொடுத்த வரவேற்புரை சிவமலருக்கு முழுதாக மறந்துவிட்டது. பதினேழு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சிவமலர், அவர் என் கணவர், நான் முன்னால் போவேன், அவர் கடைசியில் வருவார், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றால் ஒருவரும் தொலையமாட்டீர்கள் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தலைக்கும் வாலுக்கும் தொடர்பு வேண்டும் என்று சந்திரகுமார் முன்னரே சொல்லியிருந்தார். அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் போன் எடுத்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, கதைத்தபடியே நடந்தார்கள். முதல் சில நிமிடம் அவர் ஆட்களை எண்ணிச் சொன்னார். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் வேறு கதை வந்தது. நாய் களைத்துவிட்டது, அதன் சொந்தக்காரர் அதைவிடக் களைத்துவிட்டார், நடுவில் போகிற இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் மற்றவரின் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்றெல்லாம் அவர் பின்னாலிருந்து செய்தி வாசித்தார். சிவமலர் முன்னால் நேரே பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

விட்மர் அவளுக்குப் பக்கத்திலேயே வந்தார். அவள் ஏதாவது சொன்னால் திருத்தினார். மரப்பாலம் எந்த நூற்றாண்டு என்று அவள் சொன்னதையும் திருத்தினார், மரங்களின் பெயரையும் திருத்தினார். மூன்றாவது தரம் திருத்தியபோது சிவமலர் நின்று, இனி ஒவ்வொரு பாலத்திலும் விளக்கம் சொல்வது உங்கள் பொறுப்பு, ஆனால் ஒரு பாலத்துக்கு மூன்று நிமிடம்தான் என்றாள். பத்தொன்பது வருடம் சமையலறையில் புதுப் பையன்களையும் பெண்களையும் வேலைக்குப் பழக்கிய குரல் அது. விட்மர் முகம் மலர்ந்துபோனார். அதற்குப் பிறகு அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

மரப்பாலத்தைத் தாண்டியதும் காதில் சந்திரகுமாரின் குரல் மாறியது.

“மலர், பதினெட்டு.”

“பதினேழுதானே?”

“ரெண்டு தரம் எண்ணிட்டன். ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு ஒரு பிள்ளை வருது.”

ஐஸ்கிறீமோடு வந்தது ஜெனீவாவிலிருந்து வந்த ஒரு இளம் சுற்றுலாப் பயணி. நகரம் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நினைத்துச் சேர்ந்துகொண்டாளாம். போகச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. கொஞ்சத் தூரத்தில் வாங்குப் பலகையில் இருந்த ஒரு சோடி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தது. இருபது. பிறகு ஒரு தகப்பன், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி. குழந்தையையும் எண்ணுவதோ என்று சந்திரகுமார் கேட்டார். எண்ணத்தான் வேண்டும் என்று சிவமலர் சொன்னாள். இருபத்திரண்டு.

மேலே போகிற பாதையில் எமிலி எதிர்ப்பட்டாள். மன்னார்க்காரி, தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள், கணவன் கிறகோரியோடு ஆற்றின் அக்கரையில் ஒரு வாடகைத் தோட்டத் துண்டு வைத்திருக்கிறாள். மஞ்சள் கோட்டில் சிவமலரையும் அவளுக்குப் பின்னால் இவ்வளவு வெள்ளைக்காரரையும் கண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். என்ன பிள்ளை, ஊர்வலமோ என்று கேட்டாள். சிவமலர் நடந்தபடியே விசயத்தைச் சொல்ல, எமிலி தான் அக்கரையிலிருந்துதான் வந்தவள், எல்லோருக்கும் தோட்டத்தில் தேத்தண்ணி என்று சொல்லித் திரும்பி அவளோடு நடந்தாள். நடந்துகொண்டே தோட்டத்திலிருந்த கிறகோரிக்குப் போன் எடுத்து, பெரிய கேத்திலை அடுப்பில் வை என்றாள். எத்தனை பேர் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். எமிலி சிவமலரைப் பார்த்தாள். சிவமலர் போனில் சந்திரகுமாரைக் கேட்டாள். இருபத்து மூன்று, நாய் தனி என்று பதில் வந்தது.

அப்படியே தொங்கு பாலம் வந்துவிட்டது.

சிவமலர் பாலத்தின் வாயில் நின்றாள். அவள் நிற்க, பின்னால் வந்த எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பாதை அந்த இடத்தில் ஒரு ஆள் அகலம்தான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தொட்டால் கடிக்கிற செடிப்பற்றை. எமிலி பின்னால் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தாள். விட்மர் தன்னுடைய மூன்று நிமிடத்துக்குத் தொண்டையைச் செருமினார்.

“ஏன் நிண்டிட்டீர்?” என்று காதில் சந்திரகுமார் கேட்டார்.

“ஏலாதப்பா. பாலம் ஆடுது.”

“ஒருத்தரும் ஏறாமல் எப்பிடி ஆடும்?”

“ஆடுது. நீங்கள் முன்னுக்கு வாங்கோ.”

அவர் எட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நடுவில் நடைக்கம்புகள், நாய், தள்ளுவண்டி. வர வழியில்லை என்று அவர் சொன்னார். தலைமை தாங்குகிறவள் பாலத்துக்குப் பயந்து இருபத்து மூன்று பேரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனால் அதை எந்த ஜெர்மனில் சொல்வது என்று சிவமலர் யோசித்தாள்.

“மலர், ஒண்டு சொல்லவேணும்” என்றார் சந்திரகுமார். “அண்டைக்கு நீர் என்ரை கையைப் பிடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு வந்தனீர் எல்லே?”

“ஓம்.”

“நானும் மூடிக்கொண்டுதான் வந்தனான்.”

“என்ன?”

“முழுக்க. கம்பியைத் தடவித் தடவித்தான் வந்தனான்.”

“அப்ப ஆரப்பா எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை.”

சிவமலருக்கு வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு எழும்பியது. கம்பியைப் பிடித்தாள், நிற்பதற்காகத்தான் பிடித்தாள், ஆனால் சிரிப்பில் உடம்பு முன்னுக்கு வளைந்து கால் முதல் பலகையில் விழுந்துவிட்டது. இரண்டாவது காலும் போயிற்று. புறப்படச் சொல்கிறாள் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்களும் ஏறினார்கள். பாலம் நன்றாகவே ஆடியது. ஒரே தாளத்தில் காலை வைக்காதீர்கள் என்று விட்மர் எச்சரிக்க, எல்லோரும் வேண்டுமென்றே தாளம் மாற்றி வைக்கப் போய் ஒருவர் மேல் ஒருவர் முட்டினார்கள். ஐஸ்கிறீம் பெண் பிரெஞ்சில் எதையோ சொல்லிக் கூவினாள். நடுப்பாலத்தில் திருமதி ஹுன்ஸிக்கர் நின்று, சிவப்புச் சப்பாத்துக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிமிர்த்தி, பாலத்தை இன்னும் ஆட்டினார். இருபது வருடமாக இதைச் செய்ய ஆசையாம், பொறுப்பானவள் என்பதால் செய்யவில்லையாம், இன்று பொறுப்பு வேறு ஒருவருடையதாம். சிவமலர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே, அக்கரையில் கால் வைத்தாள்.

ஏன் சிரித்தாய் என்று எல்லோரும் அவளைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் சொன்னாள். ஜெர்மனில் சொல்ல நேரம் எடுத்தது, கண்ணை மூடுவதற்கு நடித்தும் காட்ட வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர்கள் போட்ட சத்தத்தில் ஆற்றிலிருந்த தாராக்கள் கலைந்து போயின.

அப்போதுதான் பாலத்தில் சந்திரகுமார் தனியே வருவதை எல்லோரும் கண்டார்கள். ஒரேஞ்ச் அங்கி, பக்கத்துக்கு ஒரு கையாகக் கம்பியைப் பிடித்தபடி. விட்மர் தொடங்கி வைக்க, அத்தனை பேரும் அவருடைய காலடிகளைச் சத்தமாக எண்ணினார்கள். ஏன் எண்ணுகிறார்கள் என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. காதில் சிவமலர் சொன்னதும் நடுவில் நின்றார். முகம் சிவந்தது. பிறகு கண்களை ஆந்தைபோல அகல விரித்து, ஒரு கையை எடுத்து, எல்லோருக்கும் அசைத்துக் காட்டினார். அறுபத்தொன்றாவது அடியில் கரை ஏறினார். நாய் ஓடிப்போய் அவருடைய சப்பாத்தை நக்கியது.

கிறகோரியின் தோட்டத்தில் கோப்பை எட்டுத்தான் இருந்தது. மிச்சப் பேர் யோகர்ட் கிண்ணங்களிலும் ஜாம் போத்தல்களிலும் தேத்தண்ணி குடித்தார்கள். கிறகோரி அன்று காலை சுட்டுக்கொண்டு வந்த கடலை வடை இருபதையும் எமிலி பாதி பாதியாக வெட்டினாள். கிறகோரி அதிகம் கதைக்காதவர். ஆனால் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் நீட்டு நீட்டாகத் தொங்கிய பயத்தங்காயை ஒருவர் தொட்டுப் பார்த்ததும் அவர் பேசத் தொடங்கிவிட்டார், பிறகு நிறுத்தவில்லை. பச்சை மிளகாயை வாயில் வைத்த விட்மர் எதையும் திருத்தாமல் நெடுநேரம் இருந்தார். சந்திரகுமாரும் சிவமலரும் ஒரு கவிழ்த்த வாளியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வடை இன்னும் இருக்கோ, எனக்கு வேண்டாம், நீர் தின்னும் என்று கதைத்தார்கள். எமிலி வந்து, ரெண்டு பேரும் ஏன் இன்னும் போனிலை கதைக்கிறியள் என்று கேட்டபிறகுதான் காதிலிருந்து அதை எடுத்தார்கள்.

வெற்றிங்கன் ரயில் நிலையத்தில் மிதுஷா காத்துக்கொண்டு நின்றாள். யாராவது முறைப்பாடு சொன்னால் சமாளிக்க நல்ல ஜெர்மனில் ஒரு மன்னிப்புரை தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். அவளுக்குத் தெரியாத கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கி, உன் அப்பா கண்ணைத் திறந்துகொண்டே வந்தார் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்கள். திருமதி ஹுன்ஸிக்கர் சிவமலரின் இரண்டு கையையும் பிடித்து, ஓகஸ்ட் மாத நடையைப் பற்றிக் கேட்டார். சிவமலர் மகளைத் திரும்பிப் பார்க்காமலே சம்மதித்தாள்.

மூவரும் பாடனுக்கு ரயில் எடுத்து வந்து இறங்கியபோது ஆறு மணி. வெயில் கொஞ்சமும் குறையவில்லை. வீட்டுப் பக்கம் போகிற பஸ் நின்றது. சிவமலர் பஸ்ஸைப் பார்க்காமல் மஞ்சள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லிம்மாத் இங்கேயிருந்து கீழே போய் ஆரே ஆற்றில் விழுந்து முடிகிறது என்று விட்மர் முதல் பாலத்தில் சொல்லியிருந்தார்.

“அது முடியிற இடத்தைப் பாப்பமோ?” என்று கேட்டாள்.

“இண்டைக்கோ?”

“ஒன்பது மணிக்கு மேலையும் வெளிச்சம் நிக்கும்.”

சந்திரகுமார் பலகையை வாசித்தார். தம்மால் அதில் இருபது நிமிடம் குறைக்கலாம் என்று கணக்குப் பார்த்தார். ஒரேஞ்ச் அங்கியைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தார். கால் நோகவில்லையோ என்று மிதுஷா கேட்டாள். நோகுது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு லிப்ற் பக்கம் போனார்கள். கதவு மூடமுன் தாய் சிரிக்கும் சத்தம் கேட்டது. மிதுஷா அங்கியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத் தோழி ஒருத்திக்குப் போன் எடுத்து, சாப்பிட வெளியே போவோமோ என்று கேட்டாள்.

எட்டு மணிக்குப் பிறகு அவர்கள் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பலகையை வெல்லவில்லை. மூன்று இடத்தில் இருந்து இளைப்பாறியிருந்தார்கள். இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் தண்ணீர் சிறிது தூரம் இரண்டு நிறமாக ஓடியது. கரும்பச்சைதான் எங்கட ஆறு என்று சிவமலர் சொன்னாள். வெளிர்பச்சைதான் என்று சந்திரகுமார் சொன்னார். வாதாடிக்கொண்டு நிற்க, பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே, இன்னும் இருநூறு மீற்றர் போனால் இரண்டும் ஒன்றுதான் என்றார். அவர்கள் இருநூறு மீற்றர் போய்ப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பசி தெரிந்தது. பக்கத்து ஊர் ரயில் நிலையத்துக்குக் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், ஒருவரை ஒருவர் இழுத்து, சிரிப்பில் மூச்சு வாங்கி. மேடையில் ஏறியபோது ரயில் கதவை மூடிக்கொண்டு புறப்பட்டது. கடைசிப் பெட்டியில் இருந்த ஒரு சிறுமி அவர்களுக்குக் கை காட்டினாள். அடுத்த ரயிலுக்கு முப்பது நிமிடம் இருந்தது. சிவமலர் மேடையின் நீளத்தைப் பார்த்தாள். சந்திரகுமார் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடக்கத் தொடங்கினார்கள்.